‘சினிமா புகழ்’ ராஜபார்ட் வந்த ராத்திரி: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் சிவகங்கைப் பக்கம் சுவரெல்லாம் நாடக நோட்டீஸ்தான். வட்டத்துக்குள் போட்டோ, கீழே பெயர், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம். முன்பெல்லாம் அந்தப் பட்டம் குரலையோ, மேடையில் கேள்வியும் பதிலுமாக வாதாடும் தர்க்கத்தையோ பற்றியதாக இருக்கும். சில வருஷமாக ‘சினிமா புகழ்’, ‘டி.வி. புகழ்’ என்று போடுகிறார்கள். ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகன் வேலனாகவோ, இல்லை நாரதராகவோ திரையில் முகம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். கூட்டமும் வருகிறது. வந்த கூட்டம் என்ன செய்கிறது என்பதைத்தான் இங்கே கேட்க நினைக்கிறேன். நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன பங்குனிப் பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் ஒரு சீரியல் நடிகர் வேலன் வேஷம். பத்து மணிக்கே பொட்டலில் பாய் விரிக்க இடமில்லை. பபூன் காமெடி, டான்ஸ், நாரதர் தர்க்கம் எல்லாம் முடிந்து அவர் வேடனாக வந்து நிற்கும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. விசில் காதைக் கிழித்தது. ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையோரம் நெருக்கினார்கள். ‘காயாத கானகத்தே’ வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு வந்தது, ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. யாரோ பாடிய பதிவு. இவர் வாயை மட்டும் அசைத்தார். ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிருதங்கமும் நின்றுவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, அதை நிறுத்திட்டு நீ பாடுப்பா. எப்படி இருந்தாலும் சரி, நீ பாடு” என்றார். குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே கேட்டார். நடிகர் பாடவில்லை. தர்க்கத்தில் வள்ளி ஒரு புராணக் கேள்வி போட்டதற்கும், சீரியலில் அவர் சொல்லும் வசனத்தைத்தான் திருப்பிச் சொன்னார். இளவட்டங்கள் கை தட்டினார்கள். எனக்குப் பின்னால் பெண்கள் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் வள்ளி ஒரு காரியம் செய்தார். பேச்சை அப்படியே விட்டுவிட்டு, தனியாக ஒரு விருத்தம் எடுத்தார். ஆர்மோனியம் உடனே சேர்ந்துகொண்டது. சுருட்டிய பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடி வரை போனவர்கள் அங்கேயே நின்று முழுதும் கேட்டார்கள். பாதிப் பேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சினிமாக்காரர் வருவதில் எனக்கு வருத்தமே இல்லை. வருகிறவர் பாடவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

*

வணக்கம் அண்ணே. நான் திருமயம் பக்கம், எங்க ஊர் விழாக் கமிட்டியில் இருக்கிறேன். கமிட்டிக்காரன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க.

வரி போடும்போது வெளிநாட்டில் இருக்கிற பையன்கள்தான் பெருந்தொகை அனுப்புகிறார்கள். “நாமளும் ஒரு முகத்தை இறக்கணும்” என்று அவர்கள் சொன்னால் தட்டமுடியாது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் அந்த ஒரு முகத்துக்காகத்தான் பொட்டலுக்கே வருகிறார்கள். வந்த பிறகு பத்துப் பேராவது தர்க்கத்தில் மாட்டிக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்துவிட்டால் அது எங்களுக்கு லாபம் என்று நினைத்துத்தான் நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

ஆனால் எங்களுக்கு வந்தவர் பாதி ராத்திரியில் போய்விட்டார். வேறு ஊரில் நிகழ்ச்சியாம். வேலன் வேஷத்தோடே காரில் ஏறிவிட்டார். எங்க ஊரில் நாடகம் சாமிக்கு. வள்ளிக்குக் கல்யாணம் ஆகி, மாலை மாற்றி, மங்களம் பாடாமல் நிறுத்தக் கூடாது. மழை தவறிவிடும் என்பார்கள் பெரியவர்கள். கோயில் வாசலில் ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகக் கேட்டது: “வள்ளியைப் பாதியில விட்டுட்டுப் போறதுக்கா வரி குடுத்தோம்?”

ஏஜென்ட் போன் போட்டு, அன்றைக்கு நாடகம் இல்லாமல் வீட்டில் இருந்த ஒரு ராஜபார்ட்டைக் கூப்பிட்டார். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, அரிதாரம் பூசி, எங்கே நிற்கிறது என்று பபூனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மேடை ஏறினார். வள்ளியாக நடித்தவரோடு அவர் அதற்குமுன் ஜோடி சேர்ந்ததே இல்லையாம். அடிக்கு அடி, பாட்டுக்குப் பாட்டு இரண்டு பேரும் பிசகாமல் போனார்கள். சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துகிறவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசித்தே பபூனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மங்களம் பாடும்போது நன்றாக வெளுத்துவிட்டது.

இப்போது எங்க கமிட்டி முடிவு இது. முகம் தெரிந்தவர் யாராவது வந்தால் பொன்னாடை போர்த்தி, நாடகம் தொடங்குமுன் மேடையில் பேசச் சொல்வோம். வேஷம் மட்டும் நாடகக்காரருக்கு.

*

மேலே அண்ணன் சொன்ன அந்த ‘வீட்டிலிருந்து வந்த ராஜபார்ட்’ விஷயம்தான் இந்தக் கலையின் உயிரே. என் அப்பா ஆர்மோனியக்காரர். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி என்று நாடக நடிகர் சங்கம் சங்கமாக நான் சின்னப் பிள்ளையில் அவர் பின்னால் சுற்றியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்பெஷல் நாடகம்’ என்று சொல்கிற இந்த நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகி வேஷம் போடும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், மிருதங்கம் இன்னொரு ஊர். சாயங்காலம் மேடைக்குப் பின்னால்தான் சந்திக்கிறார்கள். இருந்தும் நாடகம் நடக்கிறதென்றால், எல்லோருக்கும் ஒரே பாடம் இருப்பதால்தான். இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானார். நூறு வருஷம் தாண்டியும் அவர் பாட்டையும் வசனத்தையும் வைத்துத்தான் முன்பின் பழகாத இருவர் விடியும்வரை மேடையில் நிற்கிறார்கள். பாடம் இல்லாதவர் எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் அந்த இடத்தில் கை கொடுக்க ஆளில்லை. டேக், கட் எதுவும் இல்லை.

அடுத்தது சுருதி. அதன் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; கட்டை ஏற ஏறக் குரலும் மேலே போகவேண்டும். பழைய ராஜபார்ட்டுகள் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியவர்கள். அதனால் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று நின்றார்கள். மைக் வந்த பிறகும் நாடகத்தில் சுருதி அவ்வளவாக இறங்கவில்லை. வெளியிலிருந்து வருகிற ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைதான் சரிப்படும். ஸ்திரீபார்ட் ஐந்தில் பாடி முடித்த அடுத்த நொடியில் இவருக்காக அத்தனை கட்டை இறங்கவேண்டும். கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் பாட்டு படுத்துவிட்டது என்று தெரிந்துவிடும். அப்பா ஒரு நடிகருக்காகச் சாயங்காலமே போய், எந்தக் கட்டையில் சௌகரியம் என்று கேட்டு, வள்ளியிடமும் பேசி, நடுவில் ஒரு இடத்தில் இருவரையும் சேர்த்து வைத்தார். அந்த நடிகரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு பாட்டையும் பாடிப் பார்த்தார். அன்றைக்கு நாடகம் நன்றாகவே போனது. அப்பா அவரைப் பற்றி இன்றைக்கும் மரியாதையாகத்தான் பேசுவார்.

நட்சத்திரம் என்பது இந்த மேடைக்குப் புதுசு இல்லை. சொல்லப்போனால் இங்கிருந்துதான் சினிமாவுக்கே போனது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியாக நின்றபோது ஒரு பாட்டை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டே ஜனம் பாதி ராத்திரியைக் கழித்திருக்கிறது. கிட்டப்பா 1933-ல் இறந்தபோது வயது 27தான். அதற்கப்புறம் சுந்தராம்பாள் எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிக்கமாட்டேன் என்று இருந்துவிட்டார். பிறகு அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவர 1 லட்ச ரூபாய் கொடுத்தார்கள், அதுவும் 1930களில். எம்.கே. தியாகராஜ பாகவதர் ‘பவளக்கொடி’யை மேடையில் பாடி ஜெயித்த பிறகுதான் அதே கதை 1934-ல் படமானது. அத்தனை பேரையும் ஜனம் கொண்டாடியது குரலுக்காக.

ஒரே ஒரு வருத்தம். நோட்டீஸில் சினிமாக்காரர் படம் பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறது, விடியவிடியப் பாடுகிற வள்ளி ஓரத்தில் சின்ன வட்டத்தில் இருக்கிறார். சம்பளத்திலும் அதே கணக்குத்தான். என் அத்தை ஸ்திரீபார்ட்டாக இருந்தவர். இதைச் சொல்லாமல் எனக்கு மனசு கேட்காது.

*

நான் பார்த்த நல்லது ஒன்றைச் சொல்லட்டுமா? மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழா. படங்களில் சின்னச் சின்னக் காமெடி வேஷம் போடுகிற ஒருவர் பபூனாக வந்தார். சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் நாடகத்தில் இருந்தவராம். எட்டு மணிக்கே வந்து, ஆர்மோனியத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மேடையில் தான் நடித்த படத்தின் பெயரைக்கூட எடுக்கவில்லை. எங்க ஊர் ரேஷன் கடை, தண்ணீர் லாரி, பஞ்சாயத்துத் தெருவிளக்கு எல்லாவற்றையும் முன்னாடியே விசாரித்து வைத்துக்கொண்டு அடித்தார் பாருங்கள்! என் மாமியார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தன் பகுதி முடிந்ததும் அவர் கிளம்பவில்லை. வள்ளி–நாரதர் தர்க்கத்தை மேடை ஓரத்திலிருந்து ரசித்துக்கொண்டு, நல்ல பதில் வந்தபோதெல்லாம் அவரே முதலில் கை தட்டினார். செல்போனில் படம் எடுக்கப் போன பையன்களிடம், “அங்க பாருங்கடா” என்று வள்ளியைக் காட்டினார்.

*

எல்லோருக்கும் நன்றி. ஆர்மோனியக்காரர் மகள் சொன்ன கட்டைக் கணக்கைப் படித்த பிறகுதான், அன்றைக்கு அந்தப் பெரியவர் கேட்டும் நடிகர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவரிடம் யாரும் சாயங்காலமே போய் உட்கார்ந்து பேசியிருக்கமாட்டார்கள். பேசியிருந்தால் ஒரு பாட்டாவது பாடியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

எங்க ஊரிலும் இந்தச் சித்திரைக்கு ஒரு டி.வி. பாடகரை நாரதராகப் போடலாம் என்று பேச்சு. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. நாரதர் பாடம் தெரியுமா, மங்களம் வரை இருப்பாரா என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். நோட்டீஸில் வள்ளியின் படம் அவர் படத்துக்குச் சமமாக இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். தங்கச்சி, உங்க அப்பாவுக்கு அந்த வாரம் டேட் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்க.