க்வோ கா அடிய ஜாஸ் காப்பாத்துதா, கரைக்குதா?

கேள்வி:
ரெண்டு வாரமா ஜாக் ஷ்வார்ஸ்-பார்ட்டோட சோனே கா லா (2006) ஆல்பம்தான் திரும்பத் திரும்ப ஓடுது. கரீபியன்ல குவாதலூப் தீவோட க்வோ கா மேளத்த அடியில ஓடவிட்டு மேல சாக்ஸபோன் வாசிக்கிறாரு. நான் பறை அடிக்கிறவன், அதனால கேக்குறேன், இப்படி ஜாஸுக்குள்ள கொண்டுபோனா அந்த அடி பிழைக்குமா இல்ல வாசனைக்குப் போட்ட கறிவேப்பிலை கதைதானா?

பதில் 1:
அண்ணே, அதுல மொத்தம் ஏழு தாளம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. பஜான்பெல் கரும்பு வெட்டுக்கு, கிராஜ் மரவள்ளி மாவு வேலைக்கு, கலாஜா துக்கத்துக்கு மெதுவா போற அடி. வேலை போச்சுன்னா அடியும் கூடவே போயிடும், அப்ப அதுக்கு வேற இடம் வேணும்ல. அதுல ரெண்டு வகை மேளம், பூலாவும் மாக்கேவும்; பூலாவ தரையில படுக்கவெச்சு மேல உக்காந்து ஒரே அடிய விடாம அடிப்பாங்க, மாக்கே சின்னது, நிமிர்ந்து நிக்கும், அத அடிக்கிறவர் கண்ணு முழுக்க ஆடுறவர் கால்லயே இருக்கும், கால் விழுற இடத்துல அடி விழணும். ஷ்வார்ஸ்-பார்ட் இத டிரம் செட்டுக்கு மாத்தாம கா அடிக்கிறவங்களையே கூட உக்காரவெச்சாரு பாருங்க, அதனாலதான் அடி கரையல.

பதில் 2:
ஆனா ஜாஸ் வந்துதான் காப்பாத்துச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். படிச்சவங்க கேவலமா பாத்த காலத்துலயே க்வோ கா மேளக்காரர் வேலோ குவாதலூப்போட பாய்ன்ட்-ஆ-பித்ர் ஊர்த் தெருவுல உக்காந்து அடிச்சுக்கிட்டு இருந்தாரு. பாரிஸ்ல ஜாஸ் கிட்டார் வாசிச்ச ஜெரார் லோக்கெல் 1969ல ஊருக்குத் திரும்பி க்வோ காவுக்குன்னே ஒரு இசைமுறைய உண்டாக்கினாரு. யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது 2014லதான். எனக்கு இருக்குற ஒரே குறை, ரெக்கார்டுல ஆடுறவர் கிடையாது, காலே இல்லன்னா மாக்கே யாருக்குப் பதில் சொல்லும்?

பதில் 3:
1854லேருந்து புதுச்சேரி, காரைக்கால்ல கப்பலேறிப் போன நம்ம ஜனங்களோட வாரிசுங்க அதே தீவுல மாரியம்மன் பூசைக்கு இன்னும் தப்பு மேளம் அடிக்கிறாங்க, அங்க அதுக்குப் பேரு தபூ. ஒரே ஊருல க்வோ காவும் தப்பும், நெனைச்சாலே சிலிர்க்குது.

கேள்வி கேட்டவர்:
தபூ விஷயம் கேட்டு அப்படியே உக்காந்துட்டேன், ரொம்ப நன்றி. நேத்து பூலா அடிய மட்டும் பறையில கால் மணி நேரம் விடாம அடிச்சேன், பத்து நிமிஷம் தாண்டினதும் கை தானா வேகம் எடுக்குது, அதப் பிடிச்சு நிறுத்துறதுதான் பெரும்பாடு. ஞாயித்துக்கிழமை எங்க குழுவுல தங்கச்சிய ஆடச் சொல்லி, இன்னொருத்தர் பூலா அடிய பிடிச்சுக்க, நான் அவ காலப் பாத்து அடிக்கப் போறேன். சாக்ஸ் அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.