சோனாரில் மத்தி தெரிகிறது, சபிக்கியில் ஏறவில்லை. ஏறினாலும் தொட்டியில் சாகிறது. உதவி தேவை

அரைத்துடுப்பு:
வணக்கம். படகு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இதுவரை ரப்பர் மீன், வெட்டிய கணவாய் என்றே காலம் ஓடியது. வஞ்சிரத்துக்கும் பாரைக்கும் உயிர் இரைதான் சரி என்று எல்லோரும் சொல்ல, சபிக்கி (ஒரே தூண்டில் நரம்பில் ஆறு சின்னத் தூண்டில் முள் வரிசையாகத் தொங்குவது) வாங்கி இறங்கினேன். நான்கு முறை போயாயிற்று. நான்கிலும் ஒரே கதை.

சோனாரில் (தண்ணீருக்கு அடியில் மீனைத் திரையில் காட்டும் கருவி) மத்திக் கூட்டம் மேகம் போலத் தெரிகிறது. மேகம் திரைக்கு நடுவே வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, சபிக்கியைத் தரைவரை இறக்கி மெதுவாகச் சுற்றி எடுக்கிறேன். ஆறு முள்ளும் காலி. போன தடவை அதிசயமாக ஒன்பது மீன் கிடைத்தது. முக்கால் மணி நேரத்தில் ஏழு மல்லாந்துவிட்டன. மிஞ்சிய இரண்டுக்கும் மூக்கு ரத்தச் சிவப்பு. ஏர் பம்பு நன்றாகத்தான் ஓடியது, தொட்டி முழுக்கக் கொப்புளம். எங்கே தப்பு செய்கிறேன்?

பழைய நங்கூரம்:
தம்பி, சில விவரம் வேண்டும். முள் எத்தனாம் நம்பர்? ஈயம் எத்தனை கிராம்? எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? தொட்டி சதுரமா, வட்டமா? தண்ணீரை எங்கே மொள்கிறீர்கள்? முக்கியமாக, மீனை முள்ளிலிருந்து எப்படிக் கழற்றுகிறீர்கள்?

அரைத்துடுப்பு:
முள் 4. ஈயம் 20 கிராம். இரை தேடும் இடத்துக்குப் போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். ஆழம் 15 மீட்டர், மேகம் 6 முதல் 8 மீட்டரில் நிற்கும். தொட்டி என்பது 60 லிட்டர் ஐஸ் பெட்டி, சதுரம். தண்ணீரைக் கிளம்பும்போதே துறைமுகத்தில் நிரப்பிக்கொள்வேன், நடுக்கடலில் வாளியோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்று. மீன் வழுக்குவதால் துண்டால் பிடித்துக் கழற்றுவேன்.

பழைய நங்கூரம்:
நினைத்தேன். பிடிப்பதைப் பற்றி முதலில் சொல்கிறேன், சாவதை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் முதல் தப்பு "மேகம் திரைக்கு நடுவே வந்ததும்" என்ற வார்த்தையிலேயே இருக்கிறது. சோனார் திரையில் வலது ஓரம் மட்டும்தான் இந்த நொடி. அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் நீங்கள் தாண்டி வந்த இடம். 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தில் போகும் படகு அரை நிமிடத்தில் சுமார் 75 மீட்டர் போய்விடும். மேகம் நடுத்திரைக்கு நகர்ந்து வரும்போது மத்தி உங்களுக்குப் பின்னால் எங்கோ நிற்கும். நீங்கள் வெறும் தண்ணீரில் சபிக்கியை இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். வலது ஓரத்தில் புள்ளி தட்டிய உடனே ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு, நீரோட்டம் வரும் பக்கமாகக் கொஞ்சம் மேலே போய், எஞ்சினைத் தணித்து, அந்த இடத்தின் மேல் மிதந்து வாருங்கள்.

இரண்டாவது ஈயம். 20 கிராம் நேராக இறங்காது, நீரோட்டம் அதைச் சாய்த்துக்கொண்டு போகும். சோனார் பார்ப்பது படகுக்கு நேர் கீழே, உங்கள் முள் இருப்பதோ எட்டத்தில். 60 கிராம் போடுங்கள். நரம்பு செங்குத்தாக நிற்க வேண்டும்.

மூன்றாவது ஆழம். மேகம் 6 மீட்டரில் நிற்கும்போது தரைக்கு ஏன் இறக்குகிறீர்கள்? நரம்பில் 5 மீட்டருக்கு ஒரு கோடு மார்க்கரால் போட்டுவையுங்கள். மேகத்தின் உயரத்தில் நிறுத்தி, கம்பு நுனியை ஒரு சாண் தூக்கி இறக்கினால் போதும். முதல் துடிப்பு தெரிந்ததும் அவசரப்பட்டுச் சுற்றாதீர்கள். பத்து நொடி சும்மா விடுங்கள். மாட்டிய மீன் துடிக்கிற துடிப்பைப் பார்த்து மற்றவை வந்து கவ்வும்.

முள் நம்பரும் பெரிது. விரல் நீள மத்தியின் வாய்க்கு 8 அல்லது 10 போடுங்கள். நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும் என்பது தெரிந்திருக்கும். அப்படியும் கடிக்கவில்லை என்றால், அரிசி அளவு கணவாய்த் துண்டு ஒவ்வொரு முள்ளிலும்.

உப்புக்காற்று:
நேரத்தை விட்டுவிட்டீர்களே அண்ணே. எட்டரை ரொம்பத் தாமதம். இருட்டில் மிதவை உயிரிகள் மேலே ஏறும், சின்ன மீன் அதைத் தின்னப் பின்னாலேயே வரும். வெளுக்கும் நேரத்தில் அது பரபரவென்று மேய்ந்துகொண்டிருக்கும், எதைக் காட்டினாலும் கவ்வும். வெயில் ஏறினால் கீழே இறங்கி இறுகிவிடும், கண் முன்னால் முள் ஆடினாலும் சீண்டாது. விடிய அரை மணிக்கு முன்பே இடத்தில் இருக்கப் பாருங்கள்.

சோனாரை மட்டும் நம்ப வேண்டாம். மிதவைக் குறிகள், பாலத் தூண்கள், நங்கூரமிட்ட கப்பல், ராத்திரி வெளிச்சம் விழும் படகுத்துறை, இவற்றின் நிழலில் சின்ன மீன் ஒதுங்கும். ஆலாப் பறவை ஒரே இடத்தில் விழுந்து எழுந்தால் கேள்வியே வேண்டாம். அமைதியான கடலில் ஒரு திட்டு மட்டும் மழைத்துளி விழுந்தாற்போல் நடுங்கினால் அதுவும் கூட்டம்தான்.

வலைக்காரன்:
இவ்வளவு பாடு எதற்கு? வீச்சு வலையை வீசினால் ஒரே வீச்சில் ஐம்பது.

பழைய நங்கூரம்:
இடுப்பளவு தண்ணீரில் மடவை பிடிக்கச் சரி. இவர் சொல்வது 6 மீட்டர் ஆழம். கண்ணி பொடியாக இருந்தால் வலை மெதுவாகத்தான் இறங்கும், வாய் மூடுவதற்குள் மத்தி அடியில் நழுவிவிடும். கண்ணி பெரிதாக இருந்தால் தலையை நுழைத்து செவுளில் மாட்டிக்கொள்ளும், அது உயிர் இரைக்கு ஆகாது. தவிர, கண்ணி அளவுக்கும் குஞ்சு மீன் பிடிப்பதற்கும் இடத்துக்கு இடம் சட்டம் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று:
சரி, தொட்டிக்கு வருவோம். அந்தத் துண்டைத் தூக்கிக் கடாசுங்கள். அடுத்த முறை மீனைத் துண்டால் பிடித்தபின் துண்டைப் பாருங்கள், வெள்ளிக் காசு போல் செதில் ஒட்டியிருக்கும். செதிலும் வழவழப்பும் போன மத்தி அப்போதே செத்த மாதிரி, தொட்டியில் நீந்துவது கொஞ்ச நேரத் தவணைதான். தடித்த கம்பியை ஜே வடிவில் வளைத்துக்கொள்ளுங்கள். முள்ளின் வளைவில் அதைக் கொக்கி மாட்டி, நரம்பைக் கீழே இழுத்து, கம்பியை மேலே தூக்கினால் மீன் தானாகத் தொட்டியில் விழும். கை படவே வேண்டாம்.

மூக்குச் சிவப்பு சதுரப் பெட்டியின் வேலை. மத்தி நிற்காமல் நீந்தும் மீன். மூலையில் போய் முட்டி முட்டி மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். வட்டத் தொட்டி இல்லையென்றால் நான்கு மூலையிலும் வளைத்த பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்துவிடுங்கள்.

துறைமுகத் தண்ணீர் கூடவே கூடாது. தேங்கின தண்ணீர், டீசல் படலம், மழை பெய்தால் உப்பும் குறைவு. மீன் பிடிக்கும் இடத்திலேயே நிரப்புங்கள். 60 லிட்டரில் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

அரைத்துடுப்பு:
ஏர் பம்பு இருக்கிறதே, அது போதாதா?

உப்புக்காற்று:
அது ஆக்சிஜன் தரும். மீன் கழிக்கும் அம்மோனியாவை அது என்ன செய்யும்? தண்ணீர் மேலே நுரை கட்டி உடையாமல் நின்றால் அழுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். சின்ன பில்ஜ் பம்பு (படகில் தண்ணீர் இறைக்கும் பம்பு) ஒன்று போட்டுப் புதுத் தண்ணீர் ஏறவும் பழையது வழியவும் விடுங்கள். தண்ணீர் சுவரை ஒட்டிச் சுழலும்படி குழாயைச் சாய்த்து வையுங்கள். அது வரும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாளிதான். செத்ததை உடனே எடுத்துவிடுங்கள்.

வலைக்காரன்:
ஒன்று சொல்ல மறந்துவிட்டோம். சபிக்கியில் மத்தி மட்டும் ஏறாது. ஓராவும் கெளுத்தியும் ஏறும். இரண்டுக்கும் துடுப்பு முள்ளில் விஷம். போன வருடம் இருட்டில் தெரியாமல் ஓராவைப் பிடித்து, படகை ஒற்றைக் கையால் ஓட்டி வந்தேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

அரைத்துடுப்பு:
நேற்று போய் வந்தேன். ஐந்தே காலுக்கு இடத்தில் இருந்தேன். மிதவைக்குப் பக்கத்தில் வலது ஓரத்தில் புள்ளி தட்டியதும் குறித்துக்கொண்டு திரும்பி வந்தேன். 60 கிராம் ஈயம், 10 நம்பர் முள், 7 மீட்டரில் நிறுத்தினேன். முதல் இறக்கத்திலேயே நான்கு. ஆறு மணிக்குள் பதினெட்டு. பேராசையில் பதினெட்டையும் போட்டுவிட்டேன், நான்கு செத்தது. மீதி பதினான்கும் ஒன்பது மணி வரை சுற்றிக்கொண்டே இருந்தன. கம்பியில் கழற்றுவதில்தான் முதலில் இரண்டு கடலில் விழுந்தது.

பாரை ஒன்று அடித்தது, ஆனால் இரையை மட்டும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. முள்ளை முதுகில் குத்தியிருந்தேன். மெதுவாகப் படகு ஓட்டி இழுத்தேன்.

பழைய நங்கூரம்:
இழுக்கும்போது முதுகில் குத்தினால் மீன் பக்கவாட்டில் சுழன்றுதான் வரும். மூக்குத் துளைகள் இரண்டின் வழியாகக் குறுக்கே குத்துங்கள், நேராக நீந்தும். முதுகுக் குத்து நங்கூரம் போட்டு நிற்கும்போது. வஞ்சிரம் என்றால் வாலுக்குப் பக்கத்தில் கம்பியில் இன்னொரு முள் தொங்க வேண்டும், அது பின்னாலிருந்து வெட்டும் மீன். அப்புறம், பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு.