தாத்தா நிற்கும் கல் எந்தச் சுங்கை சிப்புட்டில்?

வணக்கம். தாத்தாவின் பழைய படம் ஒன்று இருக்கிறது. கோயில் கிணற்றடியில், முழங்கால் உயரக் கல்லருகே நிற்கிறார். கல்லில் 'சுங்கை சிப்புட் 1936' என்று தமிழில் வெட்டியிருக்கிறது; தோட்டத்தின் பெயர் மட்டும் சிதைந்துவிட்டது.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே இந்தப் பெயரில் இரண்டு ஊர். வடக்கே இருக்கும் எங்கள் ஊர், மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1948 ஜூன் 16-இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் மூவர் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்ததும் இங்கிருந்துதான். அதனால் கேட்பவர்கள் எல்லாரும் இந்த ஊரையே சொல்கிறார்கள். மூன்று ஞாயிறு அலைந்துவிட்டேன். நான்கு தோட்டக் கோயில்கள், தமிழ்ப்பள்ளி, பழைய மண்டோர் (தோட்டக் கங்காணி) ஒருவர். கல் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் பாட்டி சொன்னார், கல்யாணத்துக்கு முன் தாத்தா ஈய லம்பம் (ஈயச் சுரங்கம்) பக்கம் ரப்பர் பால் வெட்டினாராம். பாட்டிக்கு 91 வயது. அவரை அந்தக் கல்லிடம் அழைத்துப்போக வேண்டும்.

ஈயச் சுரங்கங்கள் இருந்த கோப்பெங் பக்கமுள்ள தெற்குச் சுங்கை சிப்புட்டில் இப்படி ஒரு கல்லை யாராவது பார்த்திருக்கிறீர்களா?