எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா கூலி வேலைக்குப் போகிறார். சாயங்காலமானால் பெண்பிள்ளைகளும் கூட உட்கார்ந்து இலை வெட்டுவார்கள். காலையில் வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்க எனக்கு மனசு வராது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து "மந்தமான பிள்ளை" என்று யாராவது சொன்னால் கோபம்தான் வருகிறது. பீடிக் கட்டை எண்ணிக் கணக்குச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் வேகத்தைப் பார்க்க வேண்டும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசின் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். நாலு வருஷத்துக்கு 48,000. பாடப்பகுதியை நான் பார்த்துக்கொள்வேன். 90 கேள்வி உள்ள மனத்திறன் தாளில்தான் தடுமாறுகிறார்கள். எண் தொடர், குறியீடு எல்லாம் அவர்களுக்குப் புதிது.

பழைய தமிழ்வழி வினாத்தாள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொடுங்கள். அச்சிட்டதாக இருந்தால் நல்லது, எல்லார் வீட்டிலும் போன் கிடையாது. அப்புறம், சனிக்கிழமை காலையில் வந்து சொல்லித்தர பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு.