ஃபால் லீக்கில் .403 அடித்தவரைக் கொண்டாடலாமா?

பாலைக்காற்று:
எல்லோரும் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரைப் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் நான் மீசா மைதானத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அரிசோனா ஃபால் லீக், இலையுதிர்காலத்தில் இளம் பேஸ்பால் வீரர்கள் ஆடும் அமெரிக்கப் போட்டி. ஃபீனிக்ஸ் பக்கம் குடிவந்ததிலிருந்து இது எனக்கு வருடா வருடம் வரும் காய்ச்சல்.

தெரியாதவர்களுக்கு: 1992இல் தொடங்கியது. ஆறு அணிகள். மேஜர் லீகின் (பேஸ்பாலின் உச்ச மட்டம்) 30 கிளப்புகளும் தங்கள் மைனர் லீக் (அதற்குக் கீழே உள்ள மட்டங்கள்) பையன்களில் சிலரை அனுப்பும். ஐந்து கிளப்புகளின் பையன்கள் சேர்ந்தால் இங்கே ஓர் அணி. பரம எதிரிக் கிளப்புகளான யாங்கீஸின் பையனும் ரெட் சாக்ஸின் பையனும் ஒரே டக்கவுட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மெல்வதை வேறெங்கும் பார்க்க முடியாது. சுமார் ஆறு வாரம், வசந்தகாலப் பயிற்சிக்கான அதே மைதானங்கள். பெரும்பாலான நாள் கூட்டம் சில நூறு பேர்தான். அதிலும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருப்பவர்களில் பாதிப்பேர் பந்து வேகம் அளக்கும் ராடார் கன்னும் நோட்டுமாக வந்த ஸ்கவுட்டுகள், கிளப்புகளுக்காகத் திறமை தேடுபவர்கள்.

2000இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் இங்கே ஆடினார், மறு வருடமே மேஜரில் சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி விருது. இந்த லீக்கின் ஜோ பிளாக் எம்விபி (சிறந்த வீரர்) விருதை 2011இல் நோலன் அரெனாடோ, 2013இல் கிரிஸ் பிரையன்ட், 2017இல் ரொனால்ட் அக்குன்யா வாங்கினார்கள். பிரையன்ட் அந்த ஜூன் மாதம்தான் டிராஃப்ட்டில் (கிளப்புகள் புதியவர்களை முறைவைத்து எடுப்பது) தேர்வானவர், .364 அடித்தார், அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 364 ஹிட் என்ற விகிதம். எனவே என் யோசனை: ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே எண்களில் மேலே நிற்கும் பத்துப் பேரைப் பட்டியல் போட்டு வைப்போம். இரண்டு வருடம் கழித்து நாம்தான் முதலில் சொன்னோம் என்று காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
ஜெயித்த குதிரைகளின் பெயரை மட்டும் சொன்னால் யார் வேண்டுமானாலும் ஜோசியர் ஆகலாம், பாலை. அதே ஜோ பிளாக் விருதை 2005இல் வாங்கிய எரிக் டங்கன், 2006இல் வாங்கிய கிரிஸ் மக்கானல் எங்கே? இருவரும் மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. 2015 எம்விபி ஆடம் எங்கெல், சராசரி .403. 2016 எம்விபி க்ளேபர் டோரஸ், அவர் சராசரியும் .403. கடைசி இலக்கம் வரை ஒன்று. எங்கெல் 2017இல் வைட் சாக்ஸுக்கு வந்து .166 அடித்தார். டோரஸ் 2018, 2019 இரண்டு வருடமும் ஆல் ஸ்டார், 2019இல் 38 ஹோம் ரன். உங்கள் பட்டியலில் இரண்டு பேருமே முதலிடத்தில் இருந்திருப்பார்கள். அப்புறம் அந்தப் பட்டியல் என்னத்தைச் சொன்னது?

கணக்கைப் பாருங்கள். ஒரு பையன் இங்கே சுமாராக 80 முறை பேட் செய்கிறான் என்று வையுங்கள். 20 ஹிட் என்றால் .250. 28 ஹிட் என்றால் .350. வித்தியாசம் எட்டு ஹிட், ஆறு வாரத்தில். வாரத்துக்கு ஒன்றரைகூட இல்லை. ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரின் கையுறைக்கு ஓர் அங்குலம் தள்ளி உருண்ட பந்துகள் அவை. உண்மையில் .260 அடிக்கும் தரமுள்ள 90 பேரை 80 முறை ஆடவிட்டால், வெறும் அதிர்ஷ்டத்திலேயே அவர்களில் ஓரிருவர் .360ஐத் தொடுவார்கள். அந்த ஓரிருவருக்கு நீங்கள் மாலை போடுகிறீர்கள்.

புதுமுகம்77:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணன்களே. .403 என்றால் நூற்றுக்கு நாற்பது தடவைதான் ஹிட். அதற்கா இவ்வளவு ஆரவாரம்? இது நம்ம டி.என்.பி.எல் மாதிரி ஒன்றா?

பாலைக்காற்று:
@புதுமுகம்77 பேஸ்பாலில் பத்துக்கு மூன்று அடித்தாலே நல்ல பேட்டர் தம்பி, நான்கு என்றால் அசுரன். டி.என்.பி.எல் மாதிரி இல்லை. அங்கே அணி முதலாளிக்குக் கோப்பை வேண்டும். இங்கே யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள் கேட்டால் ஆடியவனுக்கே நினைவிருக்காது. வெற்றிக்காக அல்ல, பையன்கள் வளரவே ஏற்படுத்தியது. முன்பு பையன்களைக் குளிர்காலத்தில் டொமினிக்கன், வெனிசுவேலா, புவேர்ட்டோ ரிக்கோ லீக்குகளுக்கு அனுப்புவார்கள். அங்கே உள்ளூர் ரசிகர்களுக்கு வெற்றி முக்கியம். நாலு ஆட்டம் சொதப்பினால் 20 வயதுப் பையனை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். கண்ணெதிரே, நம் கோச்சுகள் கையில் வளரட்டும் என்று மூத்த கிளப் நிர்வாகி ரோலண்ட் ஹெமண்ட் போன்றவர்கள் யோசித்ததில் பிறந்தது இது.

கணக்கு, உங்கள் எங்கெல் கதைக்கு வருகிறேன். .166 அடித்தவர் 2022 வரை வைட் சாக்ஸில் எப்படி இருந்தார்? சென்டர் ஃபீல்டில் அவர் ஓடிப் பிடித்த பந்துகளுக்காக. அரிசோனா வருவதற்கு முன் அந்த வருடம் மைனரில் 65 பேஸ் திருடியவர் (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்தக் கால்கள் தெரிந்திருக்கும். அதைத்தான் நானும் சொல்கிறேன், வந்து பார்க்க வேண்டும். 2011இல் ஸ்காட்ஸ்டேல் அவுட்ஃபீல்டில் ஒரு பையன் .245 அடித்தான். எண்ணை மட்டும் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பெயர் மைக் ட்ரவுட். மறு வருடம் மேஜரில் .326, 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு.

கணக்குப்பிள்ளை:
சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையில் எண்களில் மேலே நிற்பவர்களைப் பட்டியல் போடலாம் என்றீர்கள். சாயங்காலம் எண் பொய் சொல்லும் என்பதற்கு ட்ரவுட்டை இழுத்து வருகிறீர்கள். உங்கள் பத்துப் பேர் பட்டியலில் ட்ரவுட் வந்திருக்கவே மாட்டார் ஐயா!

அது போகட்டும், இந்த லீக்கில் பேட் செய்வதே சுலபம். காய்ந்த பாலைவனக் காற்று, பந்து பறக்கும். எதிரே நின்று பந்து வீசும் பிட்சர் யார்? ஏப்ரலிலிருந்து வீசிக் களைத்தவர், இல்லையென்றால் காயத்தில் பாதி வருடம் போனவர். நல்ல பிட்சர் கையைக் கிளப்புகள் அக்டோபரில் பெட்டியில் பூட்டி வைத்துவிடும். 1994இல் மைக்கேல் ஜோர்டான், ஆம், கூடைப்பந்து ஜோர்டானேதான், பர்மிங்ஹாமில் டபுள் ஏ என்ற மைனர் மட்டத்தில் .202 அடித்துவிட்டு இங்கே வந்து .252 அடித்தார். 31 வயதில், சின்ன வயதுக்குப் பிறகு பேட்டைத் தொடாதவர்.

பாலைக்காற்று:
ஆறு மாதம் தினமும் கை தோல் உரியப் பயிற்சி செய்தவர் முன்னேறினார் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? உங்களுக்கு வசதியானபோது காற்று, வசதி இல்லாதபோது அதிர்ஷ்டம்.

ட்ரவுட் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அந்த ஜூலையிலேயே மேஜரில் அறிமுகமாகிவிட்டு, வருடம் முழுக்க ஆடிக் களைத்து வந்தவர் என்பதையும் கணக்கில் சேருங்கள். பிட்சருக்குக் களைப்பு உண்டென்றால் பேட்டருக்குக் கிடையாதா?

வலக்கை_மணி:
இரண்டு பேரும் ஸ்கோர்கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். பையன் என்ன அடித்தான் என்பதற்கு முன்னால், கிளப் அவனை ஏன் அனுப்பியது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து மூன்று வகை உண்டு.

ஒன்று, ஆட்டம் போதாதவர்கள். காயத்தால் வருடம் வீணானவர்கள், அல்லது 2009இல் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் மாதிரி. டிராஃப்ட்டில் முதல் ஆள், ஆகஸ்டில்தான் கையெழுத்துப் போட்டார். தொழில்முறையில் முதல் பந்தையே இங்கேதான் வீசினார். இரண்டாவது, அக்குன்யா, டோரஸ் மாதிரி 19 வயதிலேயே தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களோடு மோதவிடப்படும் செல்லப்பிள்ளைகள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த வகை. ரூல் 5 வரிசையில் நிற்பவர்கள். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர் ஐந்து சீசனுக்குள், அதற்கு மேல் வயதானவர் நான்கு சீசனுக்குள் கிளப்பின் 40 பேர் பட்டியலில் ஏற வேண்டும். ஏற்றாவிட்டால் டிசம்பரில் எந்தக் கிளப்பும் ஒரு லட்சம் டாலர் கட்டித் தூக்கிக்கொள்ளலாம். தூக்கியவர் மறு சீசன் முழுக்க அவரை மேஜர் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பாதிப் பணத்துக்குப் பழைய கிளப்பிடமே திருப்பித் தர முன்வர வேண்டும். பட்டியலைப் பூட்டும் நாள் நவம்பர் நடுவில். அதாவது இந்த லீக் முடிகிற நேரம். சும்மா ஒத்து வந்ததா என்ன? அந்தப் பையனுக்கு ஒவ்வொரு ஆட்டமும் மேடையேற்றம்.

2012 எம்விபி கிரிஸ் மக்கின்னஸை நினைவிருக்கிறதா? டெக்சஸ் கிளப் பையன், ஃபர்ஸ்ட் பேஸில் ஆடுபவர். விருது வாங்கினார். டெக்சஸ் அவரைப் பட்டியலில் ஏற்றவில்லை. டிசம்பரில் கிளீவ்லாந்து தூக்கியது. மார்ச்சில் திருப்பி அனுப்பியது. ஜூனில் அதே டெக்சஸ் அவரை மேஜருக்குக் கூப்பிட்டது, பத்தே ஆட்டம். எட்டு மாதத்தில் ஒரு மனிதனுக்கு எத்தனை தடவை நெஞ்சு அடித்திருக்கும் பாருங்கள். இந்தக் கதை உங்கள் பத்துப் பேர் பட்டியலிலும் வராது, கணக்கின் சூத்திரத்திலும் வராது.

இன்னொரு பெயர். 2009 எம்விபி கிராண்ட் டெஸ்மி, இங்கே 11 ஹோம் ரன். அந்த வருடமே மைனரில் 31 ஹோம் ரன், 40 பேஸ் திருட்டு. ஜனவரியில் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பாதிரியாராகப் படிக்கப் போனார். எந்த ஸ்கவுட் நோட்டில் அதற்குக் கட்டம் இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
மணி அண்ணா, வயது விஷயத்தை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். எங்கெலும் டோரஸும் அந்தந்த வருடம் டபுள் ஏக்கு ஒரு படி கீழான ஹை ஏ மட்டத்திலிருந்து வந்தவர்கள். மட்டம் ஒன்று, சராசரி ஒன்று. ஆனால் எங்கெலுக்கு 23, டோரஸுக்கு 19. 23 வயதில் ஹை ஏயில் இருப்பவர் வகுப்பில் தங்கிப்போன அண்ணன். 19 வயதில் இங்கே நிற்பவர் இரண்டு வகுப்பு தாண்டி வந்த தம்பி. இரண்டு .403ஐயும் பிரிக்கும் எண் சராசரிக் கட்டத்தில் இல்லை, பிறந்த தேதிக் கட்டத்தில் இருந்தது.

அப்புறம் நான் எல்லா எண்ணையும் குப்பை என்று சொல்லவில்லை. சராசரி நிலைபெற நூற்றுக்கணக்கான வாய்ப்பு வேண்டும். ஆனால் ஒருவர் எவ்வளவு அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ஆகிறார் என்பது 60 வாய்ப்பிலேயே ஓரளவு தெளிந்துவிடும். பந்து பேட்டை விட்டுக் கிளம்பும் வேகமும் அப்படித்தான், அதிர்ஷ்டத்தில் வராது.

தெற்குத்தெரு:
ஆள் ஆளாக எண்ணுகிறீர்களே, நான் விதிகளைப் பார்க்கவே இந்த லீக்கைத் தொடர்கிறேன். பந்து வீச நேரக்கெடு வைக்கும் பிட்ச் கடிகாரத்தை 2014இலேயே இங்கே வைத்துப் பார்த்தார்கள், மேஜருக்கு 2023இல் வந்தது. 2019இல் வந்த பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதை இயந்திரம் சொன்னது. அந்த முடிவை எதிர்த்துக் கத்தியதற்காக ஜேக்கப் ஹேவர்டை நடுவர் வெளியே அனுப்பினார். இயந்திரத்தைத் திட்டினால் மனிதருக்குக் கோபம்! 2026 முதல் மேஜரிலும் முறையீடு செய்து இயந்திரத்தைக் கேட்கலாம். இந்தப் பையன்களில் யார் தேறுவார் என்று தெரியாது, ஆனால் நாளைய ஆட்டம் எப்படி இருக்கும் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

பாலைக்காற்று:
தெற்கு, மீசாவில் அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மொத்த ஆட்டத்திலும் கடிகாரத்தையே பார்த்திருப்பீர்கள் போல.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு இங்கே கலக்கிய ஒருவரை நம்பி என் ஃபேன்டஸி அணியில் பெரிய விலைக்கு எடுத்தேன். பையன்மேல் தப்பு இல்லை, ஆறு வாரத்தைப் பார்த்து ஆறு வருடத்துக்கு முடிவெடுத்தவன் நான்தான். வீட்டில் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனவே கணக்கு சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு வரும் ஸ்லைடர் என்ற வளையும் பந்தை விட்டுவிட ஒரு பையன் கற்றுக்கொள்வதை, அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மாதிரியும் நவம்பரில் வேறு மாதிரியும் ஆடுவதை, பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஈடு எந்த அட்டவணையும் இல்லை. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

சரி, பட்டியலை மாற்றுகிறேன். முதல் கட்டம் வயது. இரண்டாவது ஸ்ட்ரைக் அவுட். மூன்றாவது, ஏன் அனுப்பினார்கள். சராசரியைக் கடைசியில், சின்ன எழுத்தில்.

கணக்குப்பிள்ளை:
சின்ன எழுத்தில்கூட வேண்டாம் என்பேன். ஆனால் வயது முதல் கட்டம் என்றால் நானும் வருகிறேன். வியாழக்கிழமை சர்ப்ரைஸ் ஊர் மைதானத்தில் ஒரு கேட்சரைப் பார்க்கப் போவதாகப் போன வாரம் சொன்னீர்களே, அவர் எந்த வகை?

வலக்கை_மணி:
22 வயது, 16இல் ஒப்பந்தம், இன்னும் 40 பேர் பட்டியலில் இல்லை. மூன்றாவது வகை. பாலை, போய்ப் பாருங்கள், ஆனால் டிசம்பர் வரை பெயரை இங்கே எழுதிவிடாதீர்கள். என் ஃபேன்டஸி குழுவில் மூன்று பேர் இந்தத் திரியைப் படிக்கிறார்கள்.