சாவியைத் திருப்பினால் ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறது

கேள்வி: என்னுடையது 26 அடி பாய்மரப் படகு, சின்ன டீசல் இன்ஜின். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளும் ஒன்றாகவே இணைந்திருக்கின்றன. ராத்திரி நங்கூரத்தில் விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடினால், காலையில் ஸ்டார்ட்டர் சுற்றுவதில்லை. மீட்டரில் 12.5 காட்டுகிறது. பேட்டரி மாற்றவேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 12.5 என்றால் பேட்டரி தீர்ந்துபோகவில்லை. சாவியைத் திருப்பிப் பிடித்தபடி அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் 12 நின்று, ஸ்டார்ட்டரில் மட்டும் விழுந்தால் கோளாறு கேபிளில்தான். எனக்கும் இப்படித்தான் ஆனது. நெகட்டிவ் கேபிள் இன்ஜினில் இறுகும் போல்ட்டைக் கழற்றினேன். வெளியே பளிச்சென்று இருந்த வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு அப்பிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் சரியானது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.

இன்னொரு பதில்: அப்புறம், பேட்டரிகளைப் பிரித்துவிடுங்கள். ஒன்று ஸ்டார்ட்டுக்கு மட்டும், மற்றது விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும். நடுவில் வோல்டேஜ் பார்த்துத் தானாக இணைக்கும் ரிலே (ஒருவகை ஸ்விட்ச்) போதும். சார்ஜ் ஏறி 13.3 வோல்ட் வாக்கில் சேர்க்கும், 12.8 வாக்கில் பிரிக்கும். காற்று விழுந்து படகு பாறைப் பக்கம் ஒதுங்கும்போது இன்ஜின் கிளம்பியே ஆகவேண்டும்.

கேட்டவர்: அதே போல்ட்தான்! தேய்த்து இறுக்கினேன், முதல் திருப்பலிலேயே கிளம்பிவிட்டது. அடுத்து ரிலே வேலை. மிக்க நன்றி.