பிரேக்அவுட்டுக்குத் தமிழ்ச்சொல்: முறிவா, உடைப்பா, தாண்டலா?

வணக்கம்.

பங்கு விலை வரைபட வடிவங்களுக்கான கலைச்சொல் பட்டியலில் தலை-தோள் (நடுவில் உயர்ந்த உச்சி தலை, இருபுறமும் தாழ்ந்த உச்சிகள் தோள்கள்), கழுத்துக்கோடு (அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளங்களை இணைக்கும் கோடு), தாங்குநிலை (இறங்கும் விலை நிற்கும் இடம்), தடைநிலை (ஏறும் விலை முட்டி நிற்கும் இடம்) வரை இழுபறி இல்லை. பிரேக்அவுட்டில்தான், அதாவது விலை இப்படியொரு கோட்டையோ நிலையையோ கடந்து செல்வதில்தான், சிக்கல். இப்போது ‘முறிவு’ என்று இருக்கிறது. வடிவமே கெட்டுப்போனது என்றல்லவா படிப்பவர் எடுத்துக்கொள்வார்? உண்மையில் வடிவம் நிறைவடைவதே அங்கேதான். கழுத்துக்கோட்டுக்குக் கீழே விலை முடியும்வரை தலை-தோள் வெறும் ஊகம். ‘உடைப்பு’ என்று வைக்கலாமா? முட்டிக்கொண்டு நிற்கும் நீர் கரையில் உடைப்பெடுப்பதுபோலத்தான் தடைநிலையிலும் நடக்கிறது.

---

> ‘உடைப்பு’ என்று வைக்கலாமா?

உடைந்த கரை தானாக மூடிக்கொள்ளாது. விலை திரும்பி வந்துவிடும். ஃபால்ஸ் பிரேக்அவுட்டைப் ‘பொய் உடைப்பு’ என்பீர்களா? உடைந்துவிட்டதென்றால் அதில் பொய் ஏது? என் பரிந்துரை ‘தாண்டல்’. மேல்தாண்டல், கீழ்த்தாண்டல், பொய்த்தாண்டல் எல்லாம் தடையின்றி வரும்.

வரையறையையும் இப்போதே எழுதிவிடுவோம், இல்லாவிட்டால் ஆளுக்கொரு பொருளில் ஆள்வார்கள். கேண்டிலின் (ஒரு நாளின் விலைப்போக்கைக் காட்டும் பட்டை) வால் மட்டும் கோட்டுக்கு அப்பால் நீண்டால், அதாவது விலை இடையில் போய்த் திரும்பியிருந்தால், தாண்டல் ஆகாது. முடிவு விலை அப்பால் இருக்க வேண்டும். நாள் வரைபடத்தில் 3% தள்ளி முடிய வேண்டும் என்பது பழைய விதி. கழுத்துக்கோடு 200, தலை 230 என்று கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள 30 புள்ளியைக் கழுத்துக்கோட்டிலிருந்து கழித்தால், விலை இறங்கக்கூடிய இலக்கு 170. விதிப்படி 194 வரை காத்திருந்தால், எதிர்பார்க்கும் 30 புள்ளியில் 6 கைவிட்டுப் போகும். எனவே சதவீதம் வரையறைக்குள் வேண்டாம், அடிக்குறிப்பில் இருக்கட்டும். வர்த்தக அளவும் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) அடிக்குறிப்புக்கே போகட்டும்: மேல்தாண்டலுக்கு அது கூடியாக வேண்டும், கீழ்த்தாண்டலுக்குக் கட்டாயமில்லை. வாங்க ஆளில்லாவிட்டாலே விலை இறங்கிவிடும்.

---

> மேல்தாண்டல், கீழ்த்தாண்டல், பொய்த்தாண்டல்

மூன்றும் சரி. ஆனால் புல்பேக்கைத் தனியே பிரிக்காவிட்டால் குழப்பம் வரும். கீழ்த்தாண்டலுக்குப் பிறகு விலை கழுத்துக்கோடு வரை ஏறிவந்து மறுபடி இறங்குவது சகஜம். அதைப் பொய்த்தாண்டல் என்று பயந்து, விற்றதை அவசரமாகத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். இதற்கு ‘மீள்தொடல்’ என்று வைக்கலாம். விலை கோட்டைத் தொட்டுத் திரும்பினால் மீள்தொடல். கோட்டுக்கு மேலே முடிந்தால் பொய்த்தாண்டல் என்ற ஐயம் எழும். வலத்தோளின் உச்சிக்கும் மேலே முடிந்தால் வடிவம் தோற்றது. நாம் ஒதுக்கிய ‘முறிவு’ அந்த இடத்துக்குத்தான் பொருந்தும், ‘வடிவ முறிவு’ என்று.

‘மேற்றாண்டல்’ என்று புணர்த்தச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம், ‘மேல்தாண்டல்’ என்றே பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.